அகத்தாவின் தட்டு

ஆகஸ்டு பதினைந்தில் வரும் மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள் சிஸ்டர் அகத்தா இறந்துபோனாள். தொண்ணூற்றொரு வயது. அவளைப் புதைத்த அன்று மதியமே சாப்பாட்டு அறையில் அவள் இடத்தில் தட்டு வைத்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரச்சிலுவை. அவள் பெயர் எழுதிய சின்ன அட்டை ஒன்று.

இத்தாலியில் செர்ராபியானா ஊரின் கிளாரா மடத்தில் இது நானூறு வருட வழக்கம். ஒரு கன்னி இறந்தாலும் முப்பது நாளுக்கு அவளுடைய பங்கை நிறுத்த மாட்டார்கள். உயிரோடு இருந்தால் அன்று அவள் எதைச் சாப்பிடுவாளோ அது தட்டில் விழும். ரொட்டியும் திராட்சை ரசம் என்று சொல்லும் ஒயின் அரை டம்ளரும் சேர்த்துத்தான். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் அந்தத் தட்டு வாசலுக்குப் போகும். பசித்த யாராவது அதைச் சாப்பிட்டு, இறந்தவளின் ஆத்துமாவுக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாசல் என்றால் கதவு இல்லை. அடைப்பு மடத்தில் கதவு அபூர்வமாகத்தான் திறக்கும். சுவரில் பதித்த சுழல்பெட்டிதான் வாசல். பீப்பாய் போன்ற மரப்பெட்டி, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. உள்ளே பொருளை வைத்துத் திருப்பினால் வெளியே போய் நிற்கும். கொடுப்பவள் முகம் அவனுக்குத் தெரியாது. வாங்குகிறவன் முகம் இவளுக்குத் தெரியாது. கூசாமல் சாப்பிடட்டும் என்று முன்னோர்கள் செய்த ஏற்பாடு.

சுழல்பெட்டிக்குப் பொறுப்பு சிஸ்டர் வெனரந்தா. அறுபத்தொரு வயதில் முப்பத்தெட்டு வருடம் அந்தப் பெட்டியடியில் கழிந்திருந்தது.

அகத்தாவுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என் தட்டை ஒழுங்காக் குடுத்துருவியாடி?"

"குடுக்காம?"

"முப்பதும்?"

"முப்பதும்."

"அதுக்குள்ள வேன் வந்துரும்."

"வந்தா நிக்கட்டும்."

அகத்தா சிரித்தாள். "நான் சாகவே கூடாது, தெரியுமா? சட்டம் அப்படி. மதர் சொல்லியிருக்காங்க."

அது விளையாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. அகத்தாவோடு சேர்த்து அவர்கள் ஐந்து பேர். ஐந்துக்குக் குறைந்தால் மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. கிளாரா மடங்களின் கூட்டமைப்புதான் முடிவு செய்யும். முடிவு வந்துவிட்டது. செப்டம்பர் இருபதாம் தேதி வேன் வரும், மீதி நால்வரும் நாப்போலி மடத்துக்குப் போக வேண்டும், கட்டடத்தை ஒரு விடுதிக் கம்பெனி கேட்கிறது என்று கூட்டமைப்புத் தலைவி மதர் பியேரா எழுதியிருந்தார்.

மடத்தைக் காப்பாற்ற வெனரந்தாவுக்கு வழி தெரியவில்லை. தட்டைக் காப்பாற்ற முடியும் என்று நினைத்தாள்.

முதல் நாள் மணியை அடித்தாள். தட்டை வைத்துத் திருப்பினாள். அரை மணி கழித்துத் திரும்ப இழுத்தாள். தட்டு துப்புரவாக இருந்தது. ரொட்டித் துண்டால் வழித்திருந்தார்கள். டம்ளரில் ஒரு சொட்டு இல்லை.

"நல்ல பசி போல" என்று சமையலறையில் போய்ச் சொன்னாள்.

சமையல் சிஸ்டர் நுன்சியாவுடையது. எண்பத்து நான்கு வயது. "என் கைக்கு யாரு மிச்சம் வச்சிருக்கா?" என்றாள் நுன்சியா.

ஆறாம் நாள் தட்டோடு ஒரு துண்டுக் காகிதம் வந்தது. *அவரைக்காய் அருமை. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. முடிந்தால் ஒரு காப்பி.*

நுன்சியா அதைக் கண்ணருகே வைத்து இரண்டு முறை படித்தாள். "பசிச்சு வந்தவனுக்கு உப்புப் பத்தி என்னடி பேச்சு? காப்பி வேணுமாம், காப்பி! படுக்கை போட்டு விசிறி விடவா?"

மறுநாள் காப்பி போனது. உப்பும் கூடியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் விடுதிக் கம்பெனியின் சர்வேயர் வந்தான். பெயர் எஜிதியோ. உருண்டையான ஆள், நாற்பதைத் தாண்டியவன். வந்தவர்களோடு பேசும் அறையில் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். இந்தப் பக்கம் மடத்துத் தலைவி மதர் கொலெத்தா. இரு பக்கமும் வெனரந்தாவும் நுன்சியாவும்.

"உள்ள அளக்கணும் மதர். அதுக்கு முன்னால நன்றி சொல்லணும். ரெண்டு வாரமா வெளிச்சுவரை அளந்துக்கிட்டிருக்கேன். ஆகஸ்டு மாசம், ஊர்ல ஒரு ஓட்டல் தொறக்கல. நீங்க தினமும் மத்தியானம் சாப்பாடு அனுப்புறீங்க. இந்தக் காலத்துல வேலையாளை யாரு இப்படிக் கவனிக்கிறா?"

மதர் கொலெத்தா கம்பிக்கு அருகே குனிந்தார்.

"எந்தச் சாப்பாடு?"

"பெட்டியில வருதே. மணி அடிக்குது, தட்டு வருது."

"தட்டுல அட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சே. சிஸ்டர் அகத்தா. சமைக்கிறவங்க பேரு போலன்னு நெனச்சேன். சாப்பிட்டதும் 'நன்றி, சிஸ்டர் அகத்தா'ன்னு சொல்லித்தான் தட்டைத் திருப்பி வைப்பேன், ஒரு நாள்கூட விட்டதில்ல. அவங்களை ஒரு தடவை பார்க்க முடியுமா?"

"முடியாது" என்றார் மதர். "புதைச்சு பன்னெண்டு நாள் ஆச்சு."

எஜிதியோ எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மதர் வழக்கத்தை விளக்கினார். நாலே வாக்கியம். கேட்கக் கேட்க அவன் கழுத்து சிவந்தது.

"உப்புக் குறைவுன்னு எழுதினவன் நீதானா?" என்றாள் நுன்சியா.

"நான்தான் சிஸ்டர். மன்னிச்சுக்கோங்க."

"காப்பி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"மதர், இதைக் கணக்குல எடுத்துக்கலாம்" என்றாள் நுன்சியா. "எழுபது வருஷம் அகத்தா இந்த மடத்துத் துணியைத் துவைச்சா. பதினோரு நாள் விடாம அவளுக்கு நன்றி சொன்னவன் இவன் ஒருத்தன்தான். நாம யாராவது சொன்னோமா?"

மதர் எஜிதியோவைப் பார்த்தார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. பசியோடவா வந்தீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "காலையில ரெண்டு பன்னு சாப்பிட்டுத்தான் வருவேன் மதர்."

"முதல்லேர்ந்து" என்றார் மதர் கொலெத்தா.

தவறு வெனரந்தாவுடையது. தட்டு துப்புரவாக வந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். பார்க்கக் கூடாது என்பதுதான் சட்டம். கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் பார்க்காமலே பழகி, கேட்பதையும் விட்டிருந்தாள். ஒரு காலத்தில் இந்தச் சுவருக்கு வெளியே தினமும் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்கள் எப்போது வராமல் போனார்கள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"இன்னைக்குத் தட்டை யாருக்குக் குடுக்கிறது?" என்றாள்.

எஜிதியோ தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். "பசிச்சவங்கதான் வேணும்னா எனக்குத் தெரியும். தக்காளிக் காட்டுக்கு அந்தாண்ட பழைய கொட்டகைங்க இருக்குல்ல, அங்க. ஆப்பிரிக்காக்காரங்க, அம்பது அறுபது பேர். பகல்ல காட்டுல நிப்பாங்க, மத்தியானம் வர முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி இந்த வழியாத்தான் கொண்டு வந்து இறக்கும்."

நானூறு வருடமாக அந்தத் தட்டு மதியம்தான் போயிருக்கிறது.

"ஆறு மணிக்குத் தட்டு" என்றார் மதர்.

"பாஸ்தா கல்லாயிரும்" என்றாள் நுன்சியா.

"புதுசா வேக வை."

அன்றே நாப்போலிக்குக் கடிதம் போனது. தட்டு செப்டம்பர் இருபத்தாறாம் தேதிதான் முடியும் என்று மதர் கொலெத்தா எழுதினார். பதில் ஒரு வரி. *இருபத்தேழாம் தேதி காலை. அதற்கு மேல் ஒரு நாள் இல்லை.*

அன்று சாயங்காலம் மணி அடித்து, தட்டை வைத்துத் திருப்பிவிட்டு வெனரந்தா நகராமல் நின்றாள். வெளியே எஜிதியோவின் குரல். பிறகு செருப்புச் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. இழுத்துப் பார்த்தாள். தட்டு காலி. அட்டை திரும்பவில்லை. திராட்சை ரசம் வைத்தபடியே இருந்தது.

இந்தத் தடவை கேட்டாள். "பசியோட வந்தியா தம்பி?"

"ஆமாம்மா." இளம் குரல். தாழ்ந்து வந்தது.

"செபம் சொன்னியா?"

"யாருக்கு?"

"அட்டையில பேரு இருக்கே, அவங்களுக்கு. எங்க சிஸ்டர். இறந்துட்டாங்க."



"நான் முஸ்லிம்மா. செல்லுமா?"

வெனரந்தா மதரிடம் ஓடினாள். அந்த நடைபாதையில் அவள் ஓடி இருபது வருடம் இருக்கும். மதர் கொலெத்தா செபமாலையைக் கீழே வைத்தார்.

"அகத்தாகிட்டக் கேட்டா என்ன சொல்லுவா?"

"வயிறு நெறஞ்சுதான்னு கேப்பா."

"போய்ச் சொல்லு."

திரும்பி வந்து மூச்சு வாங்க, "செல்லுமாம்" என்றாள்.

"அ-கத்-தா" என்று அவன் அட்டையை எழுத்துக் கூட்டினான். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னான். அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முடிந்தது போலத் தோன்றியதும் "ஆமென்" என்றாள். அந்தப் பக்கமிருந்து "ஆமீன்" என்று வந்தது.

அவன் பெயர் பக்காரி. மாலி நாட்டுக்காரன்.

மூன்றாம் நாள் பெட்டிக்கு அப்பால் தகர மூடி சாத்தும் சத்தம் கேட்டது.

"என்னப்பா அது?"

"பாதி எடுத்துட்டுப் போறேம்மா. மூசா காய்ச்சல்ல கெடக்கான்."

மறுநாள் நுன்சியா முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது தட்டு போட்டாள். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. கொண்டைக்கடலை மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இதுல பேரு இல்லையேம்மா."

"அது மூசாவுக்கு. சும்மா குடுத்தது."

"சும்மா வேண்டாம்." குரலில் கோபம் இல்லை. "நான் சாப்பிட்டேன், பேரு சொன்னேன். மூசாவும் சொல்லுவான். படுத்திருந்தா வாயி இல்லாமலா போச்சு? பேரு குடுங்க."

வெனரந்தா சூடான தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே மதரிடம் கொண்டுபோனாள்.

"யாரு பேரைக் குடுக்கிறது மதர்? செத்த எல்லாருக்கும்தான் முப்பது நாள் வச்சாச்சே."

மடத்தில் மரித்தோர் புத்தகம் உண்டு. இன்ன தேதியில் இன்னார் இறந்தார் என்று மூன்று தடித்த புத்தகங்கள். தினமும் மதியச் சாப்பாட்டின் போது அந்தத் தேதிப் பக்கத்தை வாசிப்பார்கள். மதர் கொலெத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுநாள் பக்கத்தைத் திறந்தார்.

*செப்டம்பர் 1, 1764. சிஸ்டர் ஸ்கொலாஸ்திகா. வயது இருபத்திரண்டு. பஞ்சம். தட்டில் வைக்க ஒன்றும் இல்லை.*

மதர் அடுத்த பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் தேதி ஒருத்தி. எட்டாம் தேதி இரண்டு பேர். பதினெட்டு வரைக்கும் போனது. மொத்தம் எட்டுப் பேர். எல்லாப் பெயருக்குக் கீழும் அதே வரி.

அந்த வரி வருடா வருடம் அந்தச் சாப்பாட்டு அறையில் வாசிக்கப்பட்டிருக்கிறது. வெனரந்தா முப்பத்தெட்டு முறை கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே சூப்பைக் குடித்திருக்கிறாள்.

"இவளுக்கு யாரும் வைக்கல" என்றார் மதர். "அட்டை எழுதச் சொல்லு."

அட்டை எழுதியவள் சிஸ்டர் ரோசாரியா. நால்வரில் கடைசி. காது கேட்காது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கொலாஸ்திகாவின் தட்டு போனது. பக்காரி அதைத் தூக்கில் கொட்டிக்கொண்டு அட்டையையும் கேட்டு வாங்கிப் போனான். நாலு நாளில் மூசா எழுந்து தானே வந்தான். பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். புத்தகத்தில் பெயர் இருந்தது, கொடுத்தார்கள். எஜிதியோ ஒரு மூட்டை மாவும் எண்ணெய் டின்னும் கொண்டுவந்து பெட்டிப் பக்கம் வைத்தான். மூட்டை மேல் ஒரு பொட்டலம் உப்பு.

"கிண்டலாடா பண்ற?" என்று நுன்சியா பெட்டிக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"இல்ல சிஸ்டர், காணிக்கை!"

உப்பை அவள் தனி ஜாடியில் கொட்டினாள். அதிகாலையில் எழுந்து மாவு பிசைந்தாள். முழங்கால் வலி பற்றி அந்த மாதம் அவள் வாயே திறக்கவில்லை.

செப்டம்பர் பதினெட்டிலிருந்து ஒன்பது தட்டுகள் போயின. எட்டுப் பஞ்சத்துக் கன்னிகள், ஒரு அகத்தா.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு மதர் பியேரா வேனில் வந்து இறங்கினார். கணுக்கால் வீங்கிய, களைத்த பெண்மணி. அந்த வருடம் மட்டும் ஆறு மடங்களை மூடியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கிழவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இங்கேயும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். இங்கே யாரும் அழவில்லை. எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள்.

"பெட்டி கட்டலையா?" என்று வெனரந்தாவைக் கேட்டார்.

வெனரந்தா இரண்டு கையிலும் தட்டோடு நின்றாள். "அகத்தாவோட முப்பது இன்னைக்கு முடியுது மதர்."

"நல்லது. காலையில கெளம்பிரலாம்."

"ஸ்கொலாஸ்திகாவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு."

"யாரு அது? நாலு பேருதானே இருக்கீங்க?"

"அவங்க செத்து இருநூத்தி அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு மதர்."

மதர் பியேரா மதர் கொலெத்தாவைப் பார்த்தார். கொலெத்தா புத்தகத்தை எடுத்து நீட்டினார். மதர் பியேரா நின்றபடி படித்தார். பிறகு நாற்காலி கேட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"எங்க மடத்துல இதை விட்டுட்டோம்" என்றார். "யாரும் வரதில்ல. முப்பது நாள் சாப்பாட்டுக்கு ஒரு செக் எழுதி அனுப்பிருவோம்."

ஆறு மணி. வெனரந்தா மணியை அடித்தாள். ஒவ்வொரு தட்டாக வைத்துத் திருப்பினாள். வெளியே கரண்டிச் சத்தம், இருமல், ஒரு சிரிப்பு. தட்டுகள் திரும்பி வந்தன. திராட்சை ரசம் எட்டு டம்ளரிலும் தொடாமல் இருந்தது.

பிறகு பெயர்கள் வந்தன. ஒரு குரல் அட்டையை எழுத்துக் கூட்டி வாசிக்கும், ஏதோ சொல்லும், ஆமீன் என்னும். அடுத்த குரல் தொடங்கும். ஸ்கொலாஸ்திகா. பெர்ப்பேத்துவா. மரியா செராஃபினா. இருநூற்று ஐம்பத்தைந்து வருடமாக மடத்துக்கு வெளியே யாரும் உச்சரிக்காத பெயர்கள். தக்காளிக் காட்டில் பகலெல்லாம் குனிந்த ஆட்கள் தெருவில் நின்று அவற்றைச் சரியாகச் சொல்லப் பாடுபட்டார்கள். ஒருவன் தப்பாகச் சொன்னால் இன்னொருவன் திருத்தினான்.

ஒவ்வொன்றுக்கும் வெனரந்தா ஆமென் சொன்னாள். மூன்றாவதிலிருந்து மதர் பியேராவும் சொன்னார்.

கடைசியாக ஒன்பதாவது தட்டு வந்தது. அகத்தாவுடையது. பக்காரியின் குரல் அவள் பெயரை இப்போது எழுத்துக் கூட்டாமலே சொன்னது. அந்த டம்ளர் மட்டும் காலியாக இருந்தது.

"குடிச்சியா தம்பி?"

"நான் இல்லம்மா. அவருக்குக் குடுத்தேன்."

செர்ராபியானாப் பேச்சில் ஒரு குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நன்றி, சிஸ்டர் அகத்தா."

"அது யாரு?" என்றார் மதர் பியேரா.

"மடத்தை அளக்க வந்தவரு."

"அளந்தாச்சா?"

"உள்ள இன்னும் அளக்கல மதர். ஏதாவது வேலை வந்துருது அவருக்கு."

வெனரந்தா அட்டையை எடுத்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள். முப்பது. கொடுத்த வாக்கு முடிந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கழுவ ஒன்பது தட்டு கிடந்தது.

மதர் பியேரா மரித்தோர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த வரி இன்னும் எத்தனை பேருக்குக் கீழ இருக்கு?"

"தெரியாது மதர்" என்றாள் வெனரந்தா. "செப்டம்பர்தான் பார்த்தோம். அந்தந்தத் தேதிக்கு அந்தந்தப் பக்கம் வாசிக்கிறதுதான் வழக்கம். மொத்தம் மூணு புத்தகம்."

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். பெட்டிகளை இப்போதே ஏற்றலாமா என்று கேட்கிறான் போல.

மதர் பியேரா புத்தகத்தை மூடி மதர் கொலெத்தாவின் கையில் கொடுத்தார்.

"மெதுவா வாசிங்க" என்றார்.